பழைய கம்பளங்களின் கோலங்கள்: எதைப் பார்ப்பது, எதை நம்புவது

கையால் நெய்த பழைய ரத்தினக் கம்பளம் ஒன்றை விலை பேசப் போனால், கடைக்காரர் முதலில் கதையைத்தான் விரிப்பார். இந்த மரம் நீண்ட ஆயுளுக்கு, இந்தப் பறவை நல்ல சேதிக்கு, இந்தத் தேள் குடும்பத்துக்குக் காவல். இணையத்திலும் இதே மாதிரி அட்டவணைகள் குவிந்து கிடக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றை நம்பி நாலைந்து கம்பளங்களைப் பார்த்தாலே குழப்பம் தொடங்கிவிடும். ஒரே வடிவத்துக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், மலைக்கு அந்தப் பக்கம் வேறு பெயர், லண்டன் வியாபாரிகள் வைத்தது இன்னொரு பெயர்.

ஒரு கோலத்தின் பொருளைத் தெரிந்துகொள்ள, அதை எங்கே நெய்தார்கள், யார் நெய்தார்கள், எப்படி நெய்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சில கம்பளங்கள் மிகத் தெளிவாகப் பேசுகின்றன. வேறு சிலவற்றின் மேல் பிற்காலத்தவர்கள் தங்கள் கதையை ஏற்றியிருப்பது தெரிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் இந்தத் துறையில் முதல் பாடம் என்று நினைக்கிறேன்.

முடிச்சிலிருந்து தொடங்குவோம்

தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பாவு இழைகளில் ஒரு சிறிய கம்பளி நூலைச் சுற்றி முடிந்து, நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசை முழுக்க முடிச்சுப் போட்டபின் ஊடையை ஓட்டி, பல் வைத்த கனமான கருவியால் அடித்து இறுக்குகிறார்கள். அப்புறம் அடுத்த வரிசை. வெட்டிய நுனிகள் எல்லாம் சேர்ந்துதான் காலுக்கு மெத்தென்று இருக்கும் மேற்பரப்பு ஆகின்றன.

முடிச்சில் பெரும்பாலும் இரண்டு வகை. நூல் இரண்டு பாவு இழைகளையும் சரிசமமாகச் சுற்றி நடுவில் வெளியே வந்தால் அது துருக்கி முடிச்சு. ஓர் இழையை முழுதாகச் சுற்றி, மற்றதன் பின்னால் மட்டும் போய் வந்தால் அது பாரசீக முடிச்சு. இந்தப் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரசீக முடிச்சுக்கு ஈரானின் சென்னே என்ற ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் நெசவாளர்கள் போடுவது துருக்கி முடிச்சு!

கோலத்துக்கும் முடிச்சுக்கும் என்ன தொடர்பு? வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் நெருக்கமாகவும் நிறையவும் இருந்தால் எதை வேண்டுமானாலும் வரையலாம். நாலே வரிசை என்றால் வடிவம் தானாகவே கோணலும் கட்டமுமாக வந்துவிடும். ஒவ்வொரு முடிச்சும் அப்படி ஒரு புள்ளி. சதுர அங்குலத்துக்கு 300 முடிச்சு இருந்தால் ரோஜா இதழின் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். 50, 60 தான் என்றால் அதே இதழ் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கும். கிராமத்துக் கம்பளங்களில் பூ நட்சத்திரமாகவும், இலை ரம்பமாகவும், மான் நாலு கால் மேசையாகவும் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், நெய்பவர் எதைப் பார்த்து நெய்கிறார் என்பது. இஸ்பஹான், காஷான், கெர்மான் மாதிரியான நகரங்களின் பட்டறைகளில் ஓவியர் வரைந்த வரைபடத்தைத் தறிக்கு முன்னால் வைத்திருப்பார்கள். காஷ்மீரில் வரைபடத்துக்குப் பதிலாகத் தாலிம் என்ற குறியீட்டு எழுத்து உண்டு. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ஒருவர் படிக்கப் படிக்க மற்றவர்கள் முடிந்துகொண்டே போவார்கள். ஆடு மேய்த்து இடம் மாறிக்கொண்டே இருந்த குடிகளின் பெண்களுக்கோ தரையில் படுக்க வைத்த தறி. கூடாரத்தைப் பிரிக்கும்போது தறியையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்களிடம் காகித வரைபடம் கிடையாது. அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த நினைவுதான் வரைபடம்.

இந்த வேறுபாட்டைக் கம்பளத்தின் நான்கு மூலைகளில் கண்ணாரப் பார்க்கலாம். வரைபடம் வைத்து நெய்ததில் கரையில் ஓடும் கொடி மூலையில் அழகாகத் திரும்பி அடுத்த பக்கம் போகும். நினைவில் நெய்ததில் கொடி மூலைக்கு வந்ததும் சட்டென்று அறுந்து, இன்னொரு பக்கக் கொடி வேறு இடத்திலிருந்து தொடங்கும். மேல் முனைக்கு நெருங்கும்போது பாவு தீர்ந்துகொண்டே வருவதால் கடைசி வரிசைப் பூக்கள் குட்டையாகிப் போயிருப்பதும் உண்டு.

இதையெல்லாம் வைத்து, கோணல் கோலம்தான் பழமை, வளைவுக் கோலம் பிற்காலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்று முழுதாகக் கிடைத்திருக்கும் கம்பளங்களில் மிகப் பழையதே அந்த எண்ணத்துக்கு எதிராக நிற்கிறது. சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் ஒரு புதைமேட்டை 1949இல் ருஷ்யத் தொல்லியலாளர் செர்கே ருதென்கோ தோண்டினார். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொள்ளையர்கள் அதற்குள் புகுந்திருந்தார்கள். அவர்கள் போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உறைந்து பனிக்கட்டியாகிவிட்டது. அந்தப் பனிக்கட்டிக்குள் சுமார் 1.83 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு கம்பளம் இருந்தது. காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு. நடுவில் 24 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பூ. அதைச் சுற்றி ஒரு கரையில் 24 புள்ளி மான்கள், இன்னொன்றில் 28 குதிரை வீரர்கள். ஒருவர் குதிரை மேல் இருப்பார், அடுத்தவர் இறங்கிக் குதிரையோடு நடப்பார், இப்படியே மாறி மாறி வரும். குதிரை வாலை முடிச்சுப் போட்டிருப்பது வரை தெரிகிறது. 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கை அவ்வளவு தேர்ந்திருக்கிறது. இந்தக் கலையின் தொடக்கம் அதற்கும் வெகுகாலம் முன்னால் இருந்திருக்க வேண்டும். கம்பளம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தெளிவாகப் பேசும் கோலம்: தோட்டம்

பொருளில் சந்தேகமே இல்லாத கோலம் எது என்று கேட்டால் நான் முதலில் தோட்டக் கம்பளத்தைச் சொல்வேன். ஈரான் பீடபூமி வறண்ட நிலம். மலையடிவாரத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, நாலு பக்கமும் சுவர் எழுப்பி, உள்ளே வாய்க்கால் ஓட்டி மரம் வைத்தால்தான் அங்கே தோட்டம். வெளியே புழுதி, உள்ளே நிழல். அந்த ஊர்க்காரர்களுக்குத் தோட்டம் சொர்க்கமாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர், பால், மது, தேன் என்று நான்கு வகை ஆறுகள் ஓடும் சொர்க்கத்தைத் திருக்குர்ஆனும் சொல்கிறது.

17ஆம் நூற்றாண்டில் கெர்மானில் நெய்த தோட்டக் கம்பளம் ஒன்று நம் நாட்டிலேயே, ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் தோட்டத்தின் வரைபடம்தான் அது. வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. தண்ணீருக்குள் மீன்கள். கரையோரம் மரங்கள், பூச்செடிகள், பறவைகள். வாய்க்கால்கள் சேரும் இடத்தில் ஒரு மண்டபம். கிளாஸ்கோவின் பர்ரெல் தொகுப்பிலும் அதே நூற்றாண்டின் கெர்மான் தோட்டக் கம்பளம் ஒன்று உண்டு.

இந்த எண்ணம் இஸ்லாத்துக்கும் முந்தியது. சசானிய மன்னர்களின் தெசிபோன் அரண்மனையில் 'கோஸ்ரோவின் வசந்தம்' என்று பின்னாளில் புகழ்பெற்ற பிரம்மாண்டமான விரிப்பு இருந்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் தோட்டம் காய்ந்து கிடக்கும்போது மன்னர் அதன்மேல் உட்கார்ந்து விருந்து நடத்துவாராம். பொன் இழையும் மணிகளும் வைத்து வாய்க்காலும் பாத்தியும் காட்டியிருந்தார்களாம். 637இல் அரபுப் படை நகரத்தைப் பிடித்தபோது அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு நூல்கூட மிஞ்சவில்லை.

தோட்டக் கோலம் கிராமங்களுக்குப் போனதும் எளிமையாகிவிட்டது. ஈரானின் பக்தியாரிப் பகுதிக் கிராமங்களில் நெய்த பழைய கம்பளங்களில் உடல் முழுவதும் சதுரச் சதுரமாகப் பிரிந்திருக்கும். ஒரு சதுரத்தில் சைப்ரஸ் மரம், அடுத்ததில் அழுமூஞ்சி வில்லோ, அதற்கடுத்து ஒரு பூச்சாடி. வாய்க்கால் போய், பாத்தி மட்டும் நின்றது. தோட்டக் கம்பளங்களின் குடும்பத்தைத் தெரிந்துகொண்டவருக்கு இந்தச் சதுரங்கள் உடனே புரியும். தெரியாதவருக்கு வெறும் கட்டங்கள்.

தொழுகை விரிப்பின் விளக்கு

நம் ஊரில் முஸல்லா என்று சொல்லும் தொழுகை விரிப்பின் கோலமும் தெளிவானதுதான். ஒரு முனையில் கூர்மையாக எழும் வளைவு, பள்ளிவாசலில் மக்கா திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் படம். விரிக்கும்போது அந்த முனை கிப்லாவை, அதாவது மக்கா திசையை, நோக்கி இருக்கும். மாடத்துக்குள் தொங்கும் விளக்கு, இறைவனின் ஒளியை மாடத்தில் உள்ள விளக்குக்கு ஒப்பிடும் குர்ஆன் வசனத்தை நினைவூட்டும். சிலவற்றில் கெண்டியும் சீப்பும் இருக்கும். தொழுகைக்கு முன் உடலைச் சுத்தப்படுத்திக்கொள்வதற்கான பொருள்கள் அவை.

ஆனால் துருக்கியின் கியோர்தெஸ், குலா பகுதிகளில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நெய்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் விளக்கு விளக்காகவே தொங்குகிறது. இன்னொன்றில் அது கெண்டி மாதிரி ஆகிவிட்டது. மற்றொன்றில் தலைகீழாகத் தொங்கும் பூங்கொத்து. இருபுறமும் வளைவைத் தாங்கிக்கொண்டிருந்த தூண்களின் கதையும் இதுதான். பழையவற்றில் தூணுக்கு அடிப்பீடம் இருக்கும். போகப் போகப் பீடம் கரைந்து, தூண் அந்தரத்தில் தொங்கும் வெறும் பூப்பட்டையாகிவிடும். நெய்தவர் முந்தைய கம்பளத்தைப் பார்த்து நெய்தார், அவருக்கு அடுத்தவர் இவருடையதைப் பார்த்து நெய்தார். தூண் என்பது மறந்துபோய், அந்த இடத்தில் ஒரு பட்டை வேண்டும் என்பது மட்டும் நினைவில் தங்கியது.

விரிப்பு கைமாறினால் பொருளும் மாறுகிறது. ருமேனியாவின் பிரஷோவ் நகரத்துக் கறுப்புத் தேவாலயத்தில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் துருக்கிக் கம்பளங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிஹ்ராப் கோலம் போட்டவையும் நிறைய. வாஷிங்டன் ஜவுளி அருங்காட்சியகத்தில் அதே மாதிரித் தூணும் வளைவும் உள்ள கம்பளம் ஒன்று யூதத் தொழுகைக்கூடத்தின் திரைச்சீலையாக நெய்யப்பட்டது. அதில் எபிரேய எழுத்தில், இது ஆண்டவரின் வாசல் என்ற சங்கீத வரி இருக்கிறது. ஒரே வளைவை மூன்று மதத்தாரும் தங்கள் வழிபாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடையாளமாக நின்ற 'குல்'

மத்திய ஆசியாவின் துர்க்மேன் கம்பளங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆழ்ந்த சிவப்புத் தரை, அதில் வரிசை வரிசையாக ஒரே எண்கோண வடிவம். இந்த வடிவத்தைக் குல் என்கிறார்கள். தெக்கே, யோமுத், சாரிக், சாவ்தூர், எர்சாரி என்று ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் குல் உண்டு. தெக்கேயின் குல்லில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்க் குல்களை இணைக்கும். எர்சாரியின் குல் பெரியது, தடித்தது. ஆப்கானிஸ்தான் பக்கம் அதை யானைக்கால் என்கிறார்கள். கம்பளத்தைப் பார்த்தே எந்தக் கூட்டத்தாருடையது என்று சொல்லிவிடலாம்.

இதில் கற்பனைக்கு இடமில்லை, ஏனென்றால் அந்த மக்கள் இன்றும் அதை அடையாளமாகவே பார்க்கிறார்கள். துர்க்மெனிஸ்தான் நாட்டுக் கொடியில் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புப் பட்டை, அதில் ஐந்து குல்கள், ஐந்து பெரிய குலங்களுக்காக. ஒரு குலம் போரில் தோற்றால் தன் குல்லைப் பெரிய கம்பளங்களில் நெய்வதை விட்டுவிட்டு வென்றவர்களுடையதை நெய்யும் என்று சோவியத் காலத்து ஆய்வாளர் ஒருவர் சொன்னார். அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு கிடையாது. ஆனால் ஒரு குலத்தின் குல்லை வேறு குலத்தின் சிறு பைகளில் பார்க்க நேர்ந்தால் அந்தக் கருத்து நினைவுக்கு வரும்.

இந்தக் கம்பளங்களைக் கடைகளில் பொக்காரா என்று விற்பார்கள். புகாரா நகரம் அவற்றை நெய்த இடம் இல்லை. துர்க்மேன்கள் கொண்டுவந்து விற்ற சந்தை அங்கே இருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. துர்க்மேன் பெண்கள் நெய்தது தரைக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூடாரத்து வாசல் திரை, உப்புப் பை, துணிமணி வைக்கும் பை, எல்லாமே முடிச்சுக் கம்பளம்தான். யோமுத் பெண்கள் ஐந்து மூலை உள்ள விரிப்பை இரட்டையாக நெய்வார்கள், கல்யாண ஊர்வலத்தில் மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்கவிட.

கதை ஜெயித்த இடம்: அனத்தோலியா

துருக்கியின் அனத்தோலியாப் பகுதிக் கிராமங்களில் கோலங்களுக்கு வாய்மொழிப் பெயர்கள் உண்டு. இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண், ஆட்டுக்கிடாக் கொம்பு, ஓநாய் வாய், தேள், கண்ணேறு, தாயத்து, காது வளையம், பெட்டி. இவை நெய்தவர்களே சொன்ன பெயர்கள் என்பதால் மதிப்பு உள்ளவை. ஆட்டுமந்தையை நம்பி வாழ்பவள் ஓநாய் வாயை நெய்கிறாள், ஓநாய் மந்தைக்கு வரக்கூடாது என்று. இதை நம்புவதற்கு யாருக்கும் சிரமம் இருக்காது.

சிக்கல் வந்தது இந்தப் பெயர்களை வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது. பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் 1961 முதல் 1965 வரை சதால்ஹூயூக் என்ற புதிய கற்காலக் குடியிருப்பைத் தோண்டிப் பெரும்புகழ் பெற்றவர். சுமார் 9,000 ஆண்டு பழமையான ஊர் அது. 1980களில் அவர், அங்கே தான் பார்த்த சுவரோவியங்கள் என்று சொல்லி வரிசையாகக் கோட்டோவியங்களை வெளியிட்டார். 1989இல் அவை பெரிய புத்தகமாகவும் வந்தன. அந்தக் கோட்டோவியங்களில் இன்றைய துருக்கிக் கிலிம்களின் கோலங்கள் அச்சு அசலாக இருந்தன. கிலிம் என்பது முடிச்சு இல்லாமல் நம் ஜமக்காளம் மாதிரித் தட்டையாக நெய்யும் விரிப்பு. இடுப்பில் கைவைத்த பெண் கற்காலத் தாய்த்தெய்வம் என்றானது. 9,000 ஆண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு அந்தக் கோலம் வந்துகொண்டிருக்கிறது என்பதைவிட அழகான கதை எது? வியாபாரிகள் விட்டுவிடுவார்களா!

ஆனால் அந்த ஓவியங்களின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. கூட வேலை செய்தவர்கள் பார்த்ததாகவும் சொல்லவில்லை. நெசவு தெரிந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். கிலிமில் இரண்டு நிறங்கள் நேர் செங்குத்துக் கோட்டில் சந்தித்தால் அந்த இடத்தில் துணி பிளந்து நிற்கும். அதனால்தான் நெய்பவர் கோட்டைச் சாய்த்தும் படிக்கட்டாக்கியும் கொண்டுபோகிறார். கிலிம் கோலங்களின் கோணல் அந்தத் தறியிலேயே பிறந்தது. தூரிகையால் சுவரில் வரைபவருக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாதே, அவர் எதற்காகப் படிக்கட்டுப் படிக்கட்டாக வரைய வேண்டும்? மெல்லார்ட் 2012இல் இறந்தார். அவருடைய லண்டன் வீட்டில் இருந்த பொருள்களைப் பார்த்த எபர்ஹார்ட் சாங்கர் என்ற ஆய்வாளர், மெல்லார்ட் சுவரோவியங்கள் என்று காட்டியவற்றை அவரே வீட்டில் வரைந்து பழகியிருந்ததை 2018இல் வெளிப்படுத்தினார்.

இன்றும் பல கம்பள விளக்கங்களில் அந்தத் தாய்த்தெய்வம் உலாவிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு கிராமத்துப் பெண் தன் நினைவிலும் விரலிலும் வைத்திருந்த கலை அதுவாகவே போதுமான அளவு பெரியது. அதற்குப் பொய்யான வம்சாவளி எழுதத் தேவையில்லை.

ஊர்விட்டு ஊர் போன வடிவங்கள்

காஞ்சிபுரம் பட்டில் நாம் மாங்காய் என்று சொல்லும் வடிவத்தை ஈரானியக் கம்பளங்களில் போத்தே என்பார்கள். காற்றில் வளைந்த சைப்ரஸ், ஜொராஸ்டிரியர்களின் தீச்சுடர், பாதாம் பருப்பு என்று விளக்கங்கள் ஏராளம். சுடர்க் கதைக்கு எந்தச் சான்றும் இல்லை. சான்று இருப்பது காஷ்மீர் சால்வைகளில். 17ஆம் நூற்றாண்டுச் சால்வைகளின் ஓரத்தில் வேரும் தண்டும் உள்ள மெல்லிய பூச்செடி நிற்கிறது, நுனிப் பூ மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் செடி தடித்துப் பூக்கொத்து ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் கொத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்து, உள்ளே பூக்கள் நெருக்கியடித்து, வளைந்த நுனியோடு முழு மாங்காய் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஆலைகள் அதைக் காப்பியடித்து உலகமெங்கும் பரப்பின.

இன்னொரு வடிவம் சீனாவிலிருந்து வந்தது. பெர்லினில் உள்ள ஒரு சிறிய அனத்தோலியக் கம்பளத்தில் எண்கோணத்துக்குள் டிராகனும் பீனிக்ஸ் பறவையும் சண்டை போடுகின்றன. இரண்டும் சீனக் கலையின் பிராணிகள். மங்கோலியர் ஆட்சி ஆசியாவைக் குறுக்கே இணைத்தபோது மேற்கே வந்தவை. மத்திய இத்தாலியில் ஒரு தேவாலயத்தில் கிடந்த அந்தக் கம்பளத்தை 1886இல் வாங்கினார்கள். அதன் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சியெனா நகரத்து மருத்துவமனைச் சுவரில் டொமெனிகோ டி பார்த்தோலோ 1440களில் வரைந்த ஓவியத்தில் அதே மாதிரிக் கம்பளம் ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஓவியங்களில் வரும் கம்பளங்களை வைத்துக் காலம் கணிப்பது இத்துறையில் முக்கியமான வழி. அதனால் ஹோல்பைன், லோட்டோ, மெம்லிங் என்று ஓவியர்களின் பெயர்களே துருக்கிக் கம்பள வகைகளுக்கு வந்துவிட்டன. அவர்கள் யாரும் தறியில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

காக்கசஸ் மலைப்பகுதியின் 'கழுகுக் கசாக்' இதே மாதிரி ஒரு பெயர்க்குழப்பம். சிவப்புத் தரையில் கதிர் கதிராக விரியும் பெரிய வெள்ளை வடிவத்தைப் பார்த்து வியாபாரிகள் கழுகு என்றார்கள். அதே பகுதியின் 18ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களோடு ஒப்பிட்டால், விரிந்த ஒரு பெரிய பூதான் கோணலாகிக் கோணலாகி இப்படி ஆகியிருப்பது தெரியும்.

நிறம்

சிவப்பு மகிழ்ச்சி, நீலம் தனிமை, பச்சை சொர்க்கம் என்று நிறத்துக்கும் அட்டவணை போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பழைய கம்பளங்களில் சிவப்பு இவ்வளவு அதிகம் வருவதற்கு நேரான காரணம், நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி துருக்கியிலிருந்து துர்க்மேன் நாடு வரை நன்றாக வளர்வதும், அதன் வேர்ச்சாயம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாமல் நிற்பதும். நீலத்துக்கு அவுரி. பச்சைக்கு அவுரியில் தோய்த்த நூலை மறுபடி மஞ்சள் சாயத்தில் தோய்க்க வேண்டும். மஞ்சள் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால், பழைய கம்பளத்தில் நீல இலைகளைப் பார்த்தால் அவை ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம். இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய கறுப்பும் கரும்பழுப்பும் கம்பளியை மெல்ல அரிக்கும். நூறாண்டு ஆன கம்பளத்தில் கறுப்புக் கோடுகள் பள்ளமாகி, மற்ற நிறங்கள் செதுக்கிய மாதிரி மேலே நிற்பதைத் தடவிப் பார்த்தே உணரலாம்.

1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின், சில பத்தாண்டுகளில் அந்த வகைச் சாயங்கள் ஆசியத் தறிகளுக்கும் வந்துவிட்டன. தொடக்க காலச் சாயங்கள் மோசமாக வெளுத்தன. கம்பளத்தை மடித்து இழையின் அடியைப் பாருங்கள். அடியில் பளீரென்ற ஊதா, நுனியில் சாம்பல் என்றால் அந்தக் கம்பளம் 1860களுக்கு முந்தியது இல்லை.

பிழை வேண்டுமென்றே போட்டதா?

கடவுள் ஒருவர்தான் குறையில்லாதவர் என்பதால் நெசவாளர்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். ஒரே நிறம் நடுவில் திடீரென்று பட்டையாக மாறியிருந்தால் அதைக்கூடக் காட்டுவார்கள். அது வேறொரு தடவை சாயமேற்றிய நூல் வந்து சேர்ந்ததால் உண்டானது. பல மாதம் நினைவில் நெய்யும் வேலையில், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து நெய்யும் வேலையில், பிழை தானாகவே வரும்.

மிகப் புகழ்பெற்ற உதாரணம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அர்தபீல் கம்பளம். நீளம் சுமார் 10.5 மீட்டர், அகலம் 5.3 மீட்டர். பட்டுப் பாவில் கம்பளி முடிச்சு, வெறும் பத்து நிறங்கள். ஒரு முனையில் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் வரிகளும், மக்சூத் காஷானி என்ற பெயரும், ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன, அதாவது 1539–40. நடுவில் பொன்மஞ்சள் பதக்கம், அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு விளக்குகள் தொங்குகின்றன. ஒன்று பெரியது, மற்றது சிறியது. சிறிய விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் தூரத்துப் பெரிய விளக்கும் ஒரே அளவாகத் தெரியட்டும் என்று செய்தார்கள் என்பது ஒரு விளக்கம். கடவுளுக்கு முன் வேண்டுமென்றே விட்ட குறை என்பது இன்னொன்று. அக்கால ஈரானில் அப்படித் தூரத்தைக் கணக்கிட்டு வரைந்ததற்குச் சான்று இல்லை என்று அருங்காட்சியகமே சொல்கிறது. இவ்வளவு நுட்பமான வரைபடத்தில் விளக்கின் அளவு கை தவறி மாறியிருக்காது, எண்ணித்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. எதற்காக என்பது மக்சூதோடு போய்விட்டது.

இதன் ஜோடிக் கம்பளம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் கம்பளத்தின் சேதத்தைச் சரிசெய்ய அதிலிருந்துதான் துண்டுகள் எடுத்தார்கள். 1893இல் லண்டன் அருங்காட்சியகம் தன்னுடையதை 2,000 பவுண்டுக்கு வாங்கியது. வாங்கலாம் என்று பரிந்துரைத்தவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ்.

ஒரு கம்பளத்தின் முன் நிற்கும்போது

முதலில் கீழ் மூலையைப் புரட்டி முதுகைப் பாருங்கள். கையால் முடிந்ததில் முன்பக்கக் கோலம் முதுகிலும் அப்படியே தெரியும். ஓர் அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்று அங்கேதான் எண்ண முடியும். பிறகு கரைக்குப் போங்கள். கரையில்தான் ஊர் தெரியும், ஏனென்றால் உடலின் கோலத்தைப் பட்டறைகள் தாராளமாகக் கடன் வாங்கும், கரையைப் பழக்கத்தில் நெய்துவிடும். மூலையில் கொடி திரும்புகிறதா, அறுகிறதா என்று பாருங்கள். அதன்பின் உடல்: நடுவில் பதக்கமா, திரும்பத் திரும்ப வரும் ஒரே வடிவமா, பாத்திகளா, ஒரு பக்கம் மட்டும் எழும் வளைவா? இவ்வளவும் பார்த்தபின்தான் கடைக்காரரின் கதையைக் கேட்க வேண்டும். கேட்டதும் அவரிடம், இந்தப் பெயர் நெய்தவர்கள் சொன்னதா, சந்தையில் வைத்ததா என்று ஒரு கேள்வி போடுங்கள். நல்ல வியாபாரி மழுப்ப மாட்டார்.

நூறாண்டு கடந்த கம்பளத்தைத்தான் பொதுவாக ஆன்டிக் என்று விற்க வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்க நம்மில் பலருக்கும் முடியாது, பரவாயில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் கம்பளங்களின் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. முடிச்சு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஜெய்ப்பூர் போகிறவர்கள் ஹவா மஹாலை முடித்துக்கொண்டு ஆல்பர்ட் ஹாலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லண்டன் போனால் அர்தபீல் கம்பளத்துக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். நிறம் மங்காமல் இருக்க மணிக்கும் அரைமணிக்கும் பத்து நிமிடம்தான் அங்கே விளக்குப் போடுவது வழக்கம்.